ஏழாவது தீவின் விருந்தாளிகள்

கடலுக்குப் போனவன் பிணமாகவாவது கரைக்கு வந்து சேரவேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிற ஊர் ஒன்று உண்டு, அதன் பெயர் சிப்பிக்குறிச்சி, நான் அந்த ஊர் மாதா கோயிலின் உபதேசியார். மணி அடிப்பதும், பூசைக்குச் சாமான் எடுத்து வைப்பதும், ஊருக்கு வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்வதும், ஊரிலிருந்து போகிற மனுவை எழுதிக் கொடுப்பதும் என் வேலை, ஆகையால் இந்தக் கதையில் எது நடந்தது என்று சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. இதில் நான் இரண்டு பொய் சொல்லியிருக்கிறேன். அந்தந்த இடம் வரும்போது அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகைப் புயலில் எங்களூர் வள்ளங்கள் ஐந்தும் அவற்றில் போன பத்தொன்பது ஆண்களும் திரும்பவில்லை. உடல் ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவன் செத்தவனா இருப்பவனா என்று முடிவு செய்ய ஏழு வருஷம் ஆகும் என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள், அதனால் அந்த வீட்டுப் பெண்கள் தாலியைக் கழற்றவும் இல்லை, தலையில் பூ வைக்கவும் இல்லை, நல்லது கெட்டது எதிலும் முன்னாலும் நிற்காமல் பின்னாலும் நிற்காமல் சுவரோரமாய் நின்றார்கள். என் மகன் ஜெரோமும் அந்தப் பத்தொன்பதில் ஒருவன். இருபத்துமூன்று வயது. உபதேசியார் மகன் கோயிலைக் கூட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்று நான் சொன்னேன், கேட்கிற வயசா அது.

கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்க போற’ என்று கேட்கக்கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் எங்களூரில் அது பத்துக் கட்டளைக்கு அடுத்த பதினோராவது கட்டளை. வாய் தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பினவன் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போகவேண்டும். அன்று வானம் கறுத்திருந்தது, கித்தேரி தன் புருஷன் கஸ்பாரிடம் வாசலில் வைத்து அதைக் கேட்டுவிட்டாள். கஸ்பார் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருந்தாள். மறுவாரமே, பத்தொன்பது பேரைக் கடலுக்குக் கொடுத்தது புயல் அல்ல, கித்தேரியின் நாக்கு என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை இல்லாதவள், கரையில் ஓலைக்கொட்டகை போட்டு மீன் சுட்டு விற்றாள், நாங்களும் அவளை ஏசிக்கொண்டே வாங்கித் தின்றோம், ஏனென்றால் அவள் கைப்பக்குவம் அப்படி.

இப்படியே மூன்று வருஷம் ஓடினபின் ஒரு தை மாதக் கடைசியில், வாடைக் காற்று ஓய்ந்ததும், மூன்று பாய்மரத்தோடு அந்தக் கப்பல் வந்தது. உல்லாசப் பயணக் கப்பல். வெள்ளைக்காரர்களும், வெள்ளைக்காரர்களைப் போல உடுத்தின நம்மவர்களும் இருபது இருபத்திரண்டு பேர் அதில் வருவார்கள், இஞ்சின் போடாமல் காற்றிலேயே போவதுதான் அதன் பெருமை, வாரம் ஒரு பயணம், ஒரு பயணத்துக்கு ஆறு தீவுகள்: பவளம் பார்க்க ஒன்று, பறவை பார்க்க ஒன்று, ஆமை முட்டை பார்க்க ஒன்று, குளிக்க ஒன்று, படம் எடுக்க ஒன்று, ஒன்றுமே செய்யாமல் படுத்துக்கிடக்க ஒன்று. பயணம் முடியும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்து, உங்களுக்கு மிகவும் பிடித்த தீவு எது என்று கேட்டு எழுதி வாங்குவார்கள். பயணிகளை மேய்ப்பதற்கு நவநீதன் என்று சென்னைப் பையன் ஒருவர் இருந்தார், மரியாதையானவர், சிரித்த முகம், எந்நேரமும் தலை எண்ணுவதே அவர் வேலை. சிப்பிக்குறிச்சியில் தண்ணீர் பிடிக்க இறங்கினவர் கித்தேரியின் விளமீனைத் தின்று பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் தீவுக்கரையில் விருந்து சமைக்க அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

முதல் வெள்ளிக்கிழமை காற்று விழுந்துவிட்டது. பாய்கள் தொங்கிப்போய்க் கப்பல் தன்போக்கில் நகர்ந்து, முற்பகலில் கடல்மேல் கிடந்த புகைமூட்டத்துக்குள் நுழைந்து, வெளியே வந்தபோது எதிரில் ஏழாவதாக ஒரு தீவு இருந்தது. வரைபடத்தில் அது இல்லை. நீளமான வெள்ளை மணலும், குனிந்த தென்னைகளும், கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த பத்தொன்பது ஆண்களும் இருந்தார்கள். நவநீதன் படகை இறக்கினார், பயணிகள் இறங்கினார்கள், கித்தேரி அடுப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் பிடித்த மீனைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான், அவள் நிமிர்ந்து பார்த்தாள், கஸ்பார். அவள் அலறவில்லை, மயங்கி விழவில்லை. மீன் நல்ல மீனாக இருக்கிறதா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தாளாம், பிறகு, “மெலிஞ்சு போயிட்டீரே” என்றாளாம். அவன், “அங்கன மழை பெஞ்சுதா” என்று கேட்டானாம். மூன்று வருஷம் கழித்துப் பார்த்துக்கொண்ட புருஷனும் பெண்சாதியும் அன்று பேசினது இவ்வளவுதான்.

விருந்து முடிந்ததும், தொப்பி போட்ட உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் மணலில் கால் நீட்டி, விரலை நக்கிக்கொண்டு, தன் பாஷையில் ஏதோ சொன்னார். “இங்கேயே இருந்துவிடலாம்போல இருக்கிறது என்கிறார்” என்று நவநீதன் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் சொன்னார். இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள், இருபத்திரண்டு பேர் படகில் ஏறினார்கள், தலை சரியாக இருந்தது. கப்பலுக்குத் திரும்பிவரும் வழியில்தான் கித்தேரி கவனித்தாள், தொப்பிக்குக் கீழே இருந்தது உயரமான வெள்ளைக்காரர் அல்ல, பத்தொன்பது பேரில் ஒருவனான எங்களூர் தொம்மை. தன் வள்ளத்தில் உட்கார்வது போலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் கப்பல் சிப்பிக்குறிச்சியில் அவளை இறக்கிவிட்டபோது அவனும் கூடவே இறங்கி, நேரே தன் வீட்டுக்குப் போய், “சோறு இருக்கா” என்று கேட்டான்.

தொம்மை வந்ததை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். அவன் பெண்சாதி பிரகாசி அன்று ராத்திரியே பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், மறுநாள் அவள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு பெயர் சேர்க்கப் போனாள், ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி காணாமற்போனவர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட்டுப் பிரசங்கத்தை வழக்கம்போல நீட்டினார். அவ்வளவுதான். தொம்மைக்குத் தலைமுடி மட்டும் எத்தனை துவட்டினாலும் காயவில்லை. கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தான். தூக்கத்தில் இங்க்ரிட், இங்க்ரிட் என்று கூப்பிட்டான். அது எந்த ஊர்ப் பெயரோ, எவள் பெயரோ என்று பிரகாசி முதலில் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் கூப்பிட்டபோது “என்ன” என்று கேட்டுவிட்டாள், அதன் பிறகு அந்த வீட்டில் அவள் பெயரே அதுவாகிவிட்டது. புருஷன் வந்தானே, பெயரில் என்ன இருக்கிறது என்றாள். நாங்களும் அதுதானே என்றோம்.

இரண்டாம் வெள்ளி ஒரு பெண்மணி அந்த வாக்கியத்தைச் சொன்னாள், அவள் இடத்தில் இன்னொருவன் வந்தான். அதற்குள் கித்தேரிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. விளையாட்டுக்குச் சொன்னாலும் சரி, மனசாரச் சொன்னாலும் சரி, எந்தப் பாஷையில் சொன்னாலும் சரி, இங்கேயே இருந்துவிடலாம் என்று வாயால் சொன்னவரைத் தீவு வைத்துக்கொள்கிறது, அவருக்குப் பதில் ஒருவனை விடுகிறது, ஒரு நாளைக்கு ஒருவர்தான். கோயில் முற்றத்தில் ஊர் கூடி இதைக் கேட்டது. எங்கள் வள்ளங்களில் தேடிப் போனவர்கள் வெறும் தண்ணீரைத்தான் கண்டார்கள், இஞ்சினை அணைத்துத் துடுப்புப் போட்டுப் போனாலும் அப்படித்தான். விருந்தாளிகளோடு வருகிற கப்பலுக்கு மட்டுமே அந்தத் தீவு முகம் காட்டியது.

கரைவலை இழுக்க எங்களூரில் பாடு உண்டு. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் பாடு, அதை மீறினவன் எங்களூரில் பிழைக்க முடியாது. தன் பாட்டை விரும்பி இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க மட்டும் எவனுக்கும் உரிமை உண்டு, அதை ஏன் என்று கேட்க ஊருக்கு உரிமை இல்லை. திரும்பி வருவதற்கும் அதே பாடுதான் என்று தீர்மானித்தோம். மாதா காலடியில் வைத்துச் சீட்டுக் குலுக்கினோம். கஸ்பாருக்கு ஒன்பதாம் பயணம் விழுந்தது, என் ஜெரோமுக்குப் பத்தாம் பயணம். நாக்கால் கெடுத்தவள் புருஷனுக்கு முன் பாடா என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது, நானும் முணுமுணுத்தேன், ஆனால் சமைக்கப் போவது அவள்தானே என்று யாரோ சொன்னதும் அடங்கிவிட்டது. வரிசையை நான்தான் தாளில் எழுதினேன், கித்தேரி அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தீவில் இருந்தவர்களிடம் ஒப்பித்தாள். அவர்களும் பாட்டை மீறவில்லை. செத்தாலும் எங்களூர்க்காரன் எங்களூர்க்காரன்தானே.

அதற்குப் பிறகு ஊர் வேலை செய்தது பாருங்கள், அதைப்போல ஒற்றுமையாய் நாங்கள் எந்தத் திருவிழாவுக்கும் வேலை செய்ததில்லை. வலையில் விழுகிற முதல்தரமான விளமீனும் ஊளியும் சிங்கி இறாலும் வெள்ளிக்கிழமைக்கென்று கித்தேரிக்குப் போயின. பெண்கள் விருந்தாளிகள் படுக்கப் பாய் முடைந்தார்கள், பெரிய மனுஷர்கள் உட்கார முக்காலி செய்தோம், வெயில் பட்டு யாரும் முகம் சுளிக்கக்கூடாதென்று கூரைக்கு ஓலை பின்னிக் கப்பலில் ஏற்றினோம். வெள்ளி மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் மணி அடிப்பேன், ஊர் முழங்காலிடும், மாதாவே, யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்லிவிடவேண்டும் என்று ஒரே குரலாய்க் கேட்கும். மாதா ஒரு வாரமும் எங்களைக் கைவிடவில்லை. கப்பலில் எழுதி வாங்கின தாள்களில் எல்லாம் ஏழாவது தீவுதான் முதலிடம் என்று நவநீதன் பூரித்துப்போய்ச் சொன்னார். அந்த மணலும், அந்த மீனும், எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டே உபசரிக்கிற அந்த மனிதர்களும் வேறெங்கும் கிடையாது என்று எழுதியிருந்தார்களாம். நாங்கள் ஒருவரையும் கொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். விருந்து வைத்தோம், அவ்வளவுதான்.

எட்டுப் பயணத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டு வீட்டில் தலைமுடி காயாதவர்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, உப்பில்லாத சோறு தின்று, கேட்டால் “அங்கன நல்லாத்தான் இருந்துது” என்று மட்டும் சொன்னார்கள். ஒருவன் தெரியாத பாட்டை முணுமுணுத்தான், ஒருவன் இடதுகையால் எழுதினான். பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் ஐந்தாம் வாரம் ஒரு கடிதம் வந்தது. சிப்பிக்குறிச்சி மாதா கோயில் என்று விலாசம், உள்ளே ஆங்கிலம், எனக்கு மட்டுமே புரியும். என் கணவர் உங்கள் கப்பல் பயணத்துக்கு வந்தவர், ஊர் திரும்பவில்லை. கம்பெனியில் கேட்டால் தலைக்கணக்கு சரியாக இருந்தது, எல்லாரும் திரும்பிக் கப்பலேறினார்கள் என்கிறார்கள். உங்களூர்க் கரையில் நின்று அவர் எடுத்து அனுப்பின படமே கடைசி, அதில் ஒரு பெண் மீன் சுடுகிறாள். அவர் எங்கே போனார் என்று யாருக்காவது தெரியுமா? கீழே இங்க்ரிட் என்று கையெழுத்து. நான் அதை இரண்டு தரம் படித்தேன், மடித்துப் பூசைத் துணி வைக்கிற அலமாரியில் அடியில் வைத்தேன். ஆறாம் வாரம் அவளிடமிருந்தே இன்னொன்று, எட்டாம் வாரம் இன்னொன்று. வேறு கைகளில் எழுதின, வேறு தபால்தலை ஒட்டின நான்கு கடிதங்களும் வந்தன. எல்லாவற்றிலும் அதே கேள்வி. என் மகன் பாட்டுக்கு இன்னும் இரண்டு பயணம் பாக்கியிருந்தது.

ஒன்பதாம் பயணத்துக்கு முந்தைய நாள், பங்குனிக் கடைசி, தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பப்போகிறது, இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசிப் பயணம் என்று நவநீதன் சொல்லிவிட்டார். ஜெரோமின் பாடு இனி அடுத்த தையில்தான். அன்று மத்தியானம் கப்பலில் சீட்டு வாங்கி வந்திருந்த பயணிகளில் ஒருத்தி கோயிலுக்குள் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு போட்டோவை, முதல்நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை சிலேட்டைப் பிடித்திருப்பதுபோல மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் இங்க்ரிட், என் கடிதம் கிடைத்ததா என்று கேட்டாள்.

“அப்படி ஒன்றும் வரவில்லையே அம்மா” என்றேன். முதல் பொய் இது.

வாசலில் கித்தேரி நின்றுகொண்டிருந்தாள், மறுநாள் சமையலுக்குப் பாத்திரம் வாங்க வந்தவள். அந்தப் பெண் போனபிறகு உள்ளே வந்தாள்.

“உபதேசியாரே, யாரு இவ?”

“கப்பல்ல வந்தவ.”

“பேரச் சொன்னாளே. தொம்மை உறக்கத்துல விளிக்குத பேருல்லா அது.”

நான் திரியை வெட்டிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

“லெட்டர் கிட்டர் போட்டாளா?”

“பாத்திரம் அந்த மூலையில இருக்கு, எடுத்துக்கோ.”

அவள் மூலைக்குப் போகாமல் என் முன்னால் வந்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “மூணு வருசம் நான் ஆபீஸ் ஆபீஸா அவரு போட்டோவ இப்படித்தான் நெஞ்சுல அணைச்சிக்கிட்டு நின்னேன். மேசைக்கு அந்தாப்புல இருக்கவன் நிமிந்து பாக்க மாட்டான். நீரு இப்ப நிக்கிறீரே, அச்சு அசல் அப்படித்தான்.”

“உம் புருசன் பாடு நாளைக்கு. வாய மூடிக்கிட்டுப் போயிட்டு வா” என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நாளைக்கு இவ அங்கன புருசனப் பாத்த உடனே சொல்லத்தான் போறா. நீ ஒண்ணும் செய்யவேண்டாம். கஸ்பாரக் கூட்டிக்கிட்டு வந்து சேரு.”

“அவளுக்கு நாலு வயசுல பொம்பளப் புள்ள இருக்காம். நவநீதன் தம்பி சொன்னாரு. அப்பன் சட்டையக் கட்டிக்கிட்டுத்தான் உறங்குதாம்.”

“அதுக்கு?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்” என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அவள் கரைக்குப் போவதை ஊரே பார்த்தது. கல்யாணப் புடவையை உடுத்தியிருந்தாள், தலையில் பூ வைத்திருந்தாள், வீட்டுச் சாவியைப் பிரகாசி கையில் கொடுத்தாள். புருஷனைக் கூட்டிவரப் போகிறவள் சிங்காரித்துக்கொள்ளாமல் எப்படி என்று நினைத்தோம். சாவியை எதற்குக் கொடுத்தாள் என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்றிருப்பாள். ஆனால் கிளம்புகிறவரைக் கேட்கக்கூடாது அல்லவா. நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தீவில் நடந்ததை நவநீதன் பிற்பாடு எனக்குச் சொன்னார், அவருக்கு அதில் பாதி புரியவில்லை, எனக்கு முழுவதும் புரிந்தது. படகு மணலில் முட்டின உடனே இங்க்ரிட் குதித்து ஓடினாளாம். உயரமானவர் எங்களூர் ஆட்களோடு சேர்ந்து வலை இழுத்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்த்ததும் எல்லா விருந்தாளிக்கும் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்து உட்கார முக்காலி போட்டார். அவள் போட்டோவைக் காட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து, நல்ல முகம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் விருந்தைச் சரியாகச் சாப்பிடவில்லை. கித்தேரி மட்டும் ஒரு தட்டில் மீன் போட்டுக்கொண்டுபோய் கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டுபேரும் ஒரே தட்டில் தின்றார்களாம்.

“அன்னிக்கு எங்க போறேன்னு கேட்டேன், நீரு சொல்லவே இல்லையே” என்றாளாம்.

கஸ்பார் முள்ளை எடுத்து மணலில் போட்டானாம். “எனக்கே தெரியாதுல்லா அப்ப” என்றானாம்.

படகுக்கு நேரமாகிவிட்டது என்று நவநீதன் கைதட்டினார். இங்க்ரிட் எழுந்தாள், கண்ணைத் துடைத்தாள், உயரமானவரின் கையைப் பிடித்துக்கொண்டாள், சொல்வதற்கு வாயைத் திறந்தாள். எட்டு வெள்ளிக்கிழமையில் கித்தேரி அந்த வாக்கியத்தை ஐந்து பாஷையில் கேட்டுப் பழகியிருந்தாள், முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். முதல் சொல் முடிவதற்குள் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, ஊரில் வாயைத் திறக்காத அந்தக் கித்தேரி, உரக்கச் சொன்னாள்:

“நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

ஒரு நாளைக்கு ஒருவர்தான். இங்க்ரிட் சொன்னது காற்றோடு போயிற்று, தீவு அதை எடுத்துக்கொள்ளவில்லை. பாடு கஸ்பாருடையது. அவன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, படகுவரைக்கும் நடந்தான். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான் என்கிறார் நவநீதன். அங்கிருந்து திரும்பிக் கித்தேரியைப் பார்த்தான். அவள் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் காலை வெளியே எடுத்தான். இங்க்ரிட் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்ற உயரமானவரின் தோளைப் பிடித்துப் படகை நோக்கித் தள்ளி, “எம் பாட்ட இவருக்கு விட்டுக் குடுத்துட்டேன்” என்றான். வலையோடு நின்ற எங்களூர்க்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க உரிமை இல்லை. அந்தக் கூட்டத்தில் என் ஜெரோம் நின்றிருப்பான். அவனும் கேட்கவில்லை.

சமையற்காரியையும் சேர்த்து இருபத்துமூன்று பேர் இறங்கினார்கள், இருபத்துமூன்று பேர் ஏறினார்கள். தலை சரியாக இருந்தது.

சாயங்காலம் கஸ்பாரை வரவேற்க மேளத்தோடு கரையில் நின்ற ஊர், தலைமுடி சொட்டுகிற ஒரு வெள்ளைக்காரரை அவர் பெண்சாதி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தது. அன்று ராத்திரி தொம்மை இங்க்ரிட்டைக் கூப்பிடவில்லை. பிரகாசி விடிகிறவரை காத்திருந்து பார்த்துவிட்டு, என்ன இருந்தாலும் அந்தப் பெயர் எனக்குப் பழகிப்போச்சே என்று அழுதாள். ஊர் கித்தேரியை ஏசியது. நாக்காலேயே ஒருதரம் கெடுத்தவள் மறுபடி நாக்காலேயே கெடுத்தாள், ஒரு பாட்டை அன்னியனுக்குக் கொடுத்தாள், கைப்பக்குவத்தையும் கொண்டுபோய்விட்டாள் என்றது. நானும் ஏசினேன். ஆனால் வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்தபிறகு எல்லாருக்கும் ஒன்றுதான் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றியது: அந்த வாக்கியத்தை எங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தீவு வெள்ளைக்காரர் வாயிலிருந்து மட்டும்தான் எடுத்துக்கொள்ளும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதற்கு முன்னால் எங்களுக்கு அது தோன்றவே இல்லை என்று மாதா முன்னால் நின்று சொல்லமாட்டேன்.

அடுத்த தையில் கப்பல் வந்தது. நவநீதன் இறங்கிக் கோயில் முற்றத்துக்கு வந்து, கித்தேரியக்காவுக்குப் பதிலாகச் சமைக்க யாராவது வரவேண்டும், உங்களூர்க் கை இல்லாமல் அந்தத் தீவு எடுபடாது என்றார். தீவில் எங்களூர் ஆட்கள் பதினோரு பேர் பாக்கி. கஸ்பார் வீடு பூட்டிக் கிடந்தது, மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் முற்றத்தில் இருந்தோம். போனால் அந்த மணலில் தன் மகனை, தன் தகப்பனை, தன் அண்ணனை முகத்துக்கு முகம் பார்க்கவேண்டும்; பார்த்துவிட்டு, ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் திரும்பிப் படகில் ஏறவேண்டும், இல்லையென்றால் சொல்லவேண்டும். ஒருத்தி அடுப்பில் பால் வைத்திருப்பதாக எழுந்து போனாள். ஒருவர் இருமினார். முற்றம் கொஞ்சம் கொஞ்சமாய்க் காலியாயிற்று.

தூத்துக்குடியிலிருந்து ஓட்டல் சமையற்காரர் ஒருவரைக் கொண்டுபோனார்கள். மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று, ஒருவரும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. கொசு அதிகம், மீனில் காரம் அதிகம், அங்குள்ளவர்கள் ஏனோ முறைத்துப் பார்க்கிறார்கள் என்று தாள்களில் எழுதினார்கள். ஏழாவது தீவு கடைசி இடத்துக்கு வந்தது, கம்பெனி அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது கப்பல் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கரையைத் தாண்டி, குளிக்கிற தீவுக்கு நேரே போய்விடுகிறது. நான் பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கிறேன். முழங்காலிட யாரும் வருவதில்லை. அலமாரியிலிருந்த கடிதங்களை எடுத்து, தீவில் தங்கிவிட்ட அந்த ஏழு விருந்தாளிகளில் கேட்டு எழுதியிருந்த நான்கு வீட்டுக்கும் பதில் எழுதத் தொடங்கினேன், அவர் எங்கே போனார் என்று கேட்டிருந்தீர்கள் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் ஓடாமல் வைத்துவிட்டேன்.

இரண்டாவது பொய் பாக்கி இருக்கிறது. அன்று முற்றம் காலியானபிறகு நவநீதன் என்னிடம் வந்து உட்கார்ந்தார். “நீங்களாவது வாங்க சார்” என்றார். எனக்குச் சமைக்கத் தெரியாதே என்றேன், அது உண்மை. “சமையலுக்கு ஆள் பிடிச்சுக்கலாம் சார், அடுப்பு மூட்ட, மீன் கழுவ ஒரு ஊர்க்காரர் கூட இருந்தா போதும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை” என்றார். பத்தாம் பாடு யாருடையது என்று எனக்குத் தெரியும், தாளில் எழுதினவனே நான்தான். ஜெரோமுக்கு இப்போது இருபத்தேழு வயது. நான் போய் அதைச் சொல்லியிருந்தால், தலைமுடி காயாமல், கடலுக்கு முதுகு காட்டி, உப்பில்லாத சோறு கேட்டு வந்து என் வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

முதுகு வலிக்கிறது தம்பி, குனிய முடியவில்லை என்றேன்.

என் முதுகுக்கு ஒன்றும் இல்லை.